20 அடிப் பாத்திக்கு எந்த டேலில்லி?

என் சித்தி மகள் போன வருடம் நியூஜெர்சியின் நடுப்பகுதியில் வீடு வாங்கினாள். கார் நிறுத்தும் இடத்திலிருந்து வாசற்படி வரை வீட்டை ஒட்டி ஒரு பாத்தி ஓடுகிறது. 20 அடி நீளம், 3 அடி அகலம், தெற்குப் பார்த்தது. முன்பு இருந்தவர்கள் வைத்த புதர்களைப் பிடுங்கிவிட்டாள். அங்கே டேலில்லிதான், ஒவ்வொரு பூவும் ஒரே நாள் இருக்கும் அந்தத் தோட்டச் செடிதான், வைக்க வேண்டும் என்று முடிவும் செய்துவிட்டாள். எந்த டேலில்லி என்பதில்தான் குழப்பம். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தள்ளுவண்டி நிறைய ஆரஞ்சு டேலில்லியைத் தோண்டித் தருகிறேன், காசு வேண்டாம் என்கிறார். பெரிய கடையின் தோட்டப் பிரிவில் ‘ஸ்டெல்லா டி ஓரோ’ என்ற குட்டை மஞ்சள் ரகத்தைத் தொட்டி தொட்டியாக அடுக்கியிருக்கிறார்கள். தபாலில் செடி அனுப்பும் ஒரு நர்சரியின் பட்டியலில், ஊதா இதழும் தங்க ஓரமுமாகப் பத்துப் படங்களை அவள் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். “மூணுல எதுக்கா?” என்று போனில் கேட்டாள். ஒரு மணி நேரம் பேசினோம். இதே கேள்வியோடு இங்கே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வசந்தம் வந்தால் நர்சரி வாசலில் நிற்பதைப் பார்க்கிறேன். அதனால் அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

“உன் வீட்டில் பூனை இருக்கா?” என்று நான் முதலில் கேட்டேன். இல்லை என்றாள். இருந்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். உண்மையான லில்லியைப் போலவே டேலில்லியும் பூனைக்கு நஞ்சு. இலையோ பூவோ எதைக் கடித்தாலும் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூட ஆபத்துதான். கடித்ததாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். பூனை வெளியே சுற்றும் வீட்டில் இந்தச் செடியே வேண்டாம் என்பேன், எந்த ரகமாக இருந்தாலும்.

அடுத்த கேள்வி, மான் வருமா என்பது. வரும் என்றாள். நியூஜெர்சியில் வராத தெரு எது? டேலில்லி மொட்டு மானுக்கு மிட்டாய் மாதிரி. நாளை விரியும் என்று நீங்கள் பார்த்து வைத்த தண்டு காலையில் மொட்டையாக நிற்கும். ஆனால் வாசலை ஒட்டிய பாத்தி என்பதால் இதைச் சமாளிக்கலாம். முட்டை நாற்றமடிக்கும் மான் விரட்டியைத் தண்டு எழும் நாளிலிருந்து வாரம் ஒருமுறையும், பலத்த மழைக்குப் பிறகு ஒருமுறையும் அடிக்க வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் செடிக்குச் செலவழிக்கும் பணம் வீண்.

சரி, இனி செடிக்கு வருவோம்.

டேலில்லிக்குப் பெயரில்தான் லில்லி. மண்ணுக்குள் வெங்காயம் போன்ற கிழங்கு கிடையாது. சதைப்பிடிப்பான வேர்க்கொத்து, அதன் மேலே ஒரு கழுத்து, கழுத்திலிருந்து விசிறிபோல் விரியும் இலைகள், அவ்வளவுதான். இங்கே விற்கும்போது அந்த விசிறியைத்தான் ‘ஃபேன்’ என்று எண்ணி விற்பார்கள். ஹெமரோகாலிஸ் என்ற தாவரவியல் பெயரில் நாள், அழகு என்ற இரண்டு கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள்தான் வாழ்வு. அம்மா கோடையில் இங்கே வந்திருந்தபோது, “ஒரு நாள் பூவுக்கா இத்தனை பாடு?” என்று கேட்டார்கள். பிறகு அவர்களே, “செம்பருத்தியும் அப்படித்தானே” என்று சொல்லிக்கொண்டார்கள். காலையில் பறித்துச் சாமி படத்தின் முன் வைத்தால், தண்ணீர் இல்லாமலே இரவு வரை விரிந்தபடி இருக்கும். அது தெரிந்த பிறகு தினமும் விடிந்ததும் கையில் கிண்ணத்தோடு பாத்திக்குப் போய்விடுவார்கள்.

ஒரு நாள் பூ என்பதால்தான் டேலில்லி வாங்கும்போது பூவின் படத்தைப் பார்த்து மயங்கக் கூடாது என்கிறேன். மொட்டை எண்ண வேண்டும். ஒரு பூந்தண்டில் 20 மொட்டு, ஒரு தூரில் 5 தண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 100 பூ. தினம் நான்கு விரிந்தால் 25 நாள் வாசலில் பூ இருக்கும். இன்னொரு ரகம், உள்ளங்கையை விடப் பெரிய பூ, ஆனால் தண்டுக்கு 8 மொட்டு, தூருக்கு 2 தண்டு. மொத்தமே 16 பூ. இரண்டாவது செடியின் படம்தான் பட்டியலின் அட்டையில் வரும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று வழிகளையும் எடைபோடுவது எளிது.

ஓசியில் வரும் ஆரஞ்சு

பாட்டி தரப்போவது ஹெமரோகாலிஸ் ஃபுல்வா. சாலையோரப் பள்ளங்களிலும் பழைய பண்ணை வேலிகளிலும் ஜூன் கடைசியில் ஆரஞ்சாகப் பூத்துக் கிடப்பது இதுதான். ‘டிட்ச் லில்லி’ என்று ஊரே சொல்லும். பார்த்தால் இந்த மண்ணின் செடி போலத் தோன்றும், ஆனால் பூர்வீகம் கிழக்கு ஆசியா. 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து குடியேறியவர்களின் மூட்டையில் அமெரிக்கா வந்தது.

இதைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சாதாரண டேலில்லிக்கு 22 குரோமோசோம்கள். சாலையோர ஆரஞ்சுக்கு 33, அதாவது பதினொன்றின் இரண்டு மடங்குக்குப் பதில் மூன்று மடங்கு. இப்படி ஒற்றைப்படை மடங்காக இருப்பதால் அது விதை கட்டுவதில்லை என்றே சொல்லலாம். அப்படியானால் இத்தனை ஆயிரம் மைலுக்கு எப்படிப் பரவியது? மண்ணுக்குள் தண்டு ஓட்டித் தானே நகர்ந்தது பாதி, ஒருவர் தோண்டி இன்னொருவருக்குக் கொடுத்தது மீதி. ‘யூரோப்பா’ என்று பெயர் வைத்திருக்கும் அந்த ஒரே செடியின் துண்டுகள்தான் நாம் சாலையில் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை. பாட்டியின் தள்ளுவண்டியும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். அந்த அன்பை மறுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் வாசல் பாத்தியில் வைக்காதே.

காரணம், நான் பட்டது. எங்கள் வீட்டிலும் முதலில் நட்டது ஓசி ஆரஞ்சுதான். ரோஜாவுக்குப் பக்கத்தில் ஆறு விசிறி. இரண்டாவது வருடம் அழகாக இருந்தது. நான்காவது வருடம் ரோஜாவின் வேருக்குள் புகுந்து அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்தது. எடுக்க முயன்றபோதுதான் அதன் சாமர்த்தியம் புரிந்தது. மற்ற டேலில்லி சம்பங்கியைப் போல இருந்த இடத்திலேயே தூர் கட்டும். இது வெளியே ஓடும். ஓடிய தண்டில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அடுத்த வசந்தத்தில் முளைத்து நிற்கும். எல்லாவற்றையும் எடுக்க எனக்கு மூன்று வருடம் ஆனது. இன்னொரு குறை, மூன்று நான்கு வாரம் பூத்து ஓய்ந்த பிறகு இலைகள் பழுத்துச் சரிந்துவிடும். வாசலில் ஆகஸ்ட் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதே குணம் வேறு இடத்தில் வரமாகிவிடும். மழையில் மண் அரிக்கும் சரிவு, புல் வெட்டும் இயந்திரம் ஏற முடியாத மேடு, களிமண் மட்டுமே இருக்கும் பின்பக்க மூலை, இங்கெல்லாம் ஆரஞ்சை விடச் சிறந்த செடி எனக்குத் தெரியாது. சுற்றிலும் புல்தரை இருந்து அதை வாரம் ஒருமுறை வெட்டினால் எல்லை தாண்டாது. ‘குவான்சோ’ என்ற அடுக்குப் பூ ஆரஞ்சும் உண்டு. அதுவும் இதே போல ஓடும் என்பதால் அடுக்குப் பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சாப்பிடலாமா என்று அவள் கேட்டாள். சீன மளிகைக் கடைகளில் ‘தங்க ஊசி’ என்று விற்கும் உலர்ந்த மொட்டுகள் டேலில்லி மொட்டுகள்தான், பெரும்பாலும் சிட்ரினா என்ற மஞ்சள் இனம். ஆரஞ்சின் மொட்டையும் பொரியல் போலத் தாளித்துச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், ஆகவே முதல் தடவை இரண்டு மூன்று மொட்டுக்கு மேல் வேண்டாம். கடையில் வாங்கிய செடியில் என்ன மருந்து அடித்தார்கள் என்பது தெரியாது, மான் விரட்டி அடித்த செடியும் அடுப்புக்கு ஆகாது. கிழங்கு வைத்து வளர்க்கும் உண்மையான லில்லியை ஒருபோதும் இப்படிச் சாப்பிடக் கூடாது. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர்கள் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது.

கடையில் அடுக்கியிருக்கும் ஸ்டெல்லா

‘ஸ்டெல்லா டி ஓரோ’வை உருவாக்கியவர் வால்டர் யப்லான்ஸ்கி. 1975ல் பதிவானது. டேலில்லிக்கு அமெரிக்காவில் தரப்படும் மிகப் பெரிய விருதான ஸ்டவுட் வெள்ளிப் பதக்கம் 1985ல் இதற்குக் கிடைத்தது. தண்டின் உயரம் 11 அங்குலம்தான். பூவும் 3 அங்குலத்துக்குள். அதற்கு முன்னால் டேலில்லி என்றால் பெரும்பாலும் இடுப்பளவு உயரம், வருடத்தில் ஒரு முறை பூ. இது கணுக்கால் உயரத்தில் நின்று ஒரே பருவத்தில் மறுபடி மறுபடி பூத்தது. வங்கி வாசல், பெட்ரோல் பங்க், அடுக்குமாடிக் குடியிருப்பின் வேலி என்று அமெரிக்கா முழுக்க அது போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான்.

எங்கும் இருக்கிறது என்பதற்காக அதைத் தள்ளிவிட மாட்டேன். நல்ல செடி. குளிர் தாங்கும், நோய் குறைவு, சீக்கிரம் தூர் கட்டும். ஆனால் ‘கோடை முழுதும் பூக்கும்’ என்று தொட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டை அப்படியே நம்பக் கூடாது. எங்கள் தெருவில் நான் பார்த்தவரை ஜூன் மாதத்தில் ஒரு பெரிய அலை வரும். பிறகு இரண்டு மூன்று வாரம் சும்மா நிற்கும். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பூக்கும். அடுத்த அலை நன்றாக வர வேண்டுமென்றால் மூன்று வேலை செய்ய வேண்டும். வாடிய பூவோடு அடியில் திரளும் விதைக்காயையும் கிள்ள வேண்டும், ஏனென்றால் ஸ்டெல்லா சளைக்காமல் காய் பிடிக்கும். மழை இல்லாத வாரத்தில் தண்ணீர் விட வேண்டும். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தூரைப் பிரிக்க வேண்டும். பிரிக்காத ஸ்டெல்லா இலையாக மண்டிவிடும்.

எனக்கு அதில் உண்மையாகவே பிடிக்காதது நிறம். முட்டைக்கரு மஞ்சள். தனியாக நின்றால் சரி. பக்கத்தில் இளஞ்சிவப்போ வெளிர் ஊதாவோ வந்தால் கண்ணை உறுத்தும். அதனால் நான் சிபாரிசு செய்வது அதன் வாரிசை. டாரல் ஆப்ஸ் என்பவர் ஸ்டெல்லாவைப் பெற்றோரில் ஒன்றாக வைத்து உருவாக்கி 1986ல் பதிவு செய்த ‘ஹேப்பி ரிட்டர்ன்ஸ்’. உயரம் 18 அங்குலம், பூ எலுமிச்சை மஞ்சள், மெல்லிய வாசனையும் உண்டு. திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தில் ஸ்டெல்லாவுக்குக் குறைந்ததில்லை. அந்த மஞ்சள் எதனோடும் ஒத்துப்போகும். கடையில் ஸ்டெல்லாவுக்கு இரண்டு அடுக்குத் தள்ளி இதுவும் இருக்கும், விலையிலும் பெரிய வித்தியாசம் இருக்காது. யாரும் சொல்வதில்லை என்பதால் யாரும் எடுப்பதில்லை. நடைபாதை ஓரத்தில் ஒரே ஒரு ரகம்தான் வைக்க முடியும் என்றால், யோசிக்காமல் இதைத்தான் வைப்பேன்.

பட்டியலில் இருக்கும் பெயர்கள்

பதிவான டேலில்லி ரகங்கள் 80,000க்கும் மேல். 1946ல் தொடங்கிய அமெரிக்க டேலில்லி சங்கம்தான் உலகம் முழுவதற்குமான பதிவேட்டை வைத்திருக்கிறது. இதில் ஒருவர் எப்படித் தேர்ந்தெடுப்பது? படத்தை மூடிவிட்டு அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். உயரம், பூக்கும் பருவம், மறுபடி பூக்குமா, மொட்டு எத்தனை, குளிர்காலத்தில் இலை என்ன ஆகும். கடைசியாகச் சொன்னதுதான் நியூஜெர்சியில் மிக முக்கியம்.

இலைக் குணத்தில் மூன்று வகை. உறங்கும் வகையின் இலை இலையுதிர் காலத்தில் முற்றிலும் காய்ந்துவிடும். மண்ணுக்குக் கீழே கூர்மையான ஒரு முளையோடு அது குளிரைக் கழிக்கும். பசுமை மாறா வகை இலையை விடாது. பகல் கொஞ்சம் வெதுவெதுப்பானால் ஜனவரியிலும் துளிர்க்கப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் அரைப்பசுமை வகை. ஃபுளோரிடாவில் பசுமை மாறா வகைதான் செழிக்கும். உறங்கும் வகைக்கு அங்கே போதுமான குளிர் கிடைக்காமல் வருடத்துக்கு வருடம் மெலியும். நம் பக்கத்தில் நிலைமை தலைகீழ்.

இதையும் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன். தெற்கிலிருந்து தபாலில் வந்த ஒரு பசுமை மாறா ரகத்துக்கு 45 டாலர் கொடுத்தேன். கரும் ஊதாப் பூ, நடுவில் பச்சைத் தொண்டை. முதல் கோடையில் நான்கு பூ. அந்த ஜனவரியில் ஒரு வாரம் பனி உருகி, மறுவாரம் மண் கல்லாக இறுகியது. இலையில் துளிர்த்ததெல்லாம் கருகியது. ஏப்ரலில் கழுத்தை அழுத்திப் பார்த்தால் விரல் உள்ளே போனது, நாற்றம் வேறு. பாதிப் பழி எங்கள் களிமண்ணுக்கு. செம்மண்பாறை நொறுங்கி உண்டான இந்த மண், குளிர்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரக் கழுத்தும் உறைபனியும் சேர்ந்தால் அழுகல் நிச்சயம்.

எல்லாப் பசுமை மாறா ரகமும் இப்படிச் சாகாது. 1977ல் பதிவான வெள்ளை போன்ற ‘ஜோன் சீனியர்’ பசுமை மாறா வகைதான், ஆனால் வடக்கிலும் உறுதியாக நிற்கும். 1989ன் ‘ஸ்ட்ராபெரி கேண்டி’ அரைப்பசுமை, அதுவும் இங்கே நன்றாக வரும், 1998ல் ஸ்டவுட் பதக்கம் பெற்றது. இவை பல வருடம் பல தோட்டங்களில் தேறியவை. புதிதாக வந்த ரகத்துக்கு அந்த அனுபவம் கிடையாது. 2023ல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட குளிர் மண்டல வரைபடத்தில் நடு நியூஜெர்சியின் பெரும்பகுதி, குளிர் அவ்வளவு கடுமையில்லாத 7ஆம் மண்டலத்தில் வருவதால், இனி எதையும் வைக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். உருகி உறையும் விளையாட்டு அந்த எண்ணில் தெரியாது.

துரு நோயும் இதோடு சேர்ந்தது. டேலில்லித் துரு அமெரிக்காவில் 2000ல்தான் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி. உயிருள்ள பச்சை இலையில்தான் அது குளிர்காலத்தைக் கடக்கும். ஆகவே இலை காய்ந்துவிடும் வகையில், நம் பக்கத்துக் குளிரில், பெரும்பாலும் அந்த வருடத்தோடு போய்விடும். தெற்கிலிருந்து வரும் செடியை நடும் முன் வெள்ளைக் காகிதத்தால் இலையைத் துடைத்துப் பாருங்கள். ஆரஞ்சுக் கறை பட்டால் துரு. நடு நரம்போடு பழுப்புக் கோடு ஓடி, கறை படாவிட்டால் அது இலைக்கீற்று நோய், பார்க்க அசிங்கமாக இருக்கும், செடியைக் கொல்லாது.

அவள் வட்டமிட்ட பத்தில் எட்டு நான்மடங்கு ரகங்கள். கால்சிசின் என்ற பொருளைக் கொண்டு குரோமோசோமை 44 ஆக்கி உருவாக்கிய வழிவந்தவை. இதழ் தடிப்பு, நிறம் ஆழம், ஓரத்தில் சுருக்கமும் தங்கப் பட்டையும் எல்லாம் அதனால் வந்தவை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தடித்த இதழும் கனத்த ஓரமும் உள்ள பூக்களில் பல, குளிர்ந்த இரவுக்குப் பிறகு காலையில் முழுதாக விரியாமல் பாதியில் நிற்கும். ஒரு நாள் வாழ்வில் பாதி நாள் திறக்காவிட்டால் என்ன பயன்? புதிதாக வெளிவரும் ரகம் 100 டாலரைத் தாண்டும். அதே ரகம் பெருகி விலை விழக் கொஞ்ச வருடம் பொறுத்தால் போதும்.

பட்டியலின் பின்பக்கத்தில், படம்கூடப் போடாமல், பழைய பெயர்கள் இருக்கும். என் மனம் அங்கேதான் இருக்கிறது. ‘ஹைபீரியன்’, 1924ன் ரகம். 40 அங்குலத் தண்டில் வெளிர் மஞ்சள் பூ. மாலையில் கதவைத் திறந்தால் வாசனை உள்ளே வரும். நூறு வருடமாக விற்பனையில் இருக்கும் செடிக்கு வேறு சான்று வேண்டுமா? ‘கேத்தரின் உட்பெரி’, 1967, வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, அதுவும் மணக்கும். ‘ஃபிரான்ஸ் ஹால்ஸ்’, 1955, ஆரஞ்சும் துருச் சிவப்பும் மாறி மாறி வரும் இதழ். ‘பார்டன் மீ’, 1982, சிறிய சிவப்புப் பூ, எண்ண முடியாத மொட்டு. இவை நான்கும் உறங்கும் வகை. ஒரு தூரின் விலை ஒரு குடும்பம் வெளியே போய் தோசை சாப்பிடும் செலவுக்குள் முடியும்.

இன்னும் ஒன்று. ‘ஆட்டம் மினரெட்’, 1951. பதக்கத்துக்குப் பெயர் தந்த ஆர்லோ பர்டெட் ஸ்டவுட் (1876–1957) உருவாக்கியது. பிராங்ஸில் இருக்கும் நியூயார்க் தாவரவியல் பூங்காவில் ஆராய்ச்சி செய்தவர் அவர். சாலையோர ஆரஞ்சு ஏன் காய்ப்பதில்லை என்று துருவித் துருவிப் பார்த்ததும் அவர்தான், காட்டு இனங்களை வைத்துக்கொண்டு டேலில்லிக்குச் சிவப்பைக் கொண்டுவந்ததும் அவர்தான். இந்தச் செடியின் தண்டு 66 அங்குலம். ஆகஸ்டில், மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகு, என் தோளுக்கு மேலே பூக்கும்போது, ஒரு மனிதர் எத்தனை கோடை பொறுமையாக உட்கார்ந்திருப்பார் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொள்வேன்.

எப்போது, எப்படி நடுவது

தொட்டிச் செடி, வெறும் வேராகத் தபாலில் வருவது, இரண்டில் எது மேல்? மே மாதத்தில் தொட்டியில் பார்த்து வாங்குவதில் ஒரு வசதி, ஒரே தொட்டியில் நாலைந்து விசிறி இருந்தால் வாங்கியவுடன் பிரித்து இரண்டு இடத்தில் நடலாம். தபாலில் ஒன்றிரண்டு விசிறிதான் வரும், ஆனால் ரகம் நிறைய. வந்தவுடன் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து நடுங்கள்.

நடும் காலத்தில் எனக்குப் பிடித்தது ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும். மண் சூடாக இருக்கும், வேர் ஓடும். அக்டோபர் பாதிக்கு மேல் நட்டால் வேர் பிடிக்கும் முன்பே மண் உறைந்து செடியை மேலே தள்ளிவிடும். பசுமை மாறா வகையை மட்டும் வசந்தத்தில் நடலாம், முதல் குளிருக்கு முன் அதற்கு ஒரு முழுக் கோடை கிடைக்கட்டும். குழியில் மண்ணைச் சிறு மேடாகக் குவித்து, வேரை அதன் மேல் குடைபோல் பரப்பி, கழுத்து 1 அங்குலத்துக்கு மேல் புதையாமல் மூட வேண்டும். ஆழமாகப் புதைந்த டேலில்லி சாகாது, பூக்காமல் வருடக்கணக்கில் நிற்கும். களிமண்ணில் கம்போஸ்ட் கலந்து பாத்தியை நாலைந்து அங்குலம் உயர்த்துங்கள். மற்றவை சுலபம். ஆறு மணி நேர வெயில், மழையில்லாத வாரத்தில் 1 அங்குலம் தண்ணீர், வசந்தத்தில் ஒரு பிடி உரம். தழைச்சத்து அதிகமானால் இலைதான் வரும். சிவப்பும் கரும் ஊதாவும் மதிய வெயிலில் வெளிறும் என்பதால் அவற்றுக்குக் காலை வெயில் போதும். அசுவினி, இலைப்பேன் தெரிந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

அவள் பாத்தி

கடைசியில் இப்படி முடிவானது. முன் வரிசையில் 18 அங்குல இடைவெளி என்றால் 20 அடிக்கு 13 செடி வேண்டும். ஆனால் ஹேப்பி ரிட்டர்ன்ஸில் நல்ல தொட்டி ஐந்து வாங்கி ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்தாள். மீதி மூன்று இடமும் இரண்டு வருடத்தில் தானே நிரம்பும். பின் வரிசையில் இரண்டடி இடைவெளியில், ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஹைபீரியன், வாசனை உள்ளே வரட்டும் என்று. அடுத்து கேத்தரின் உட்பெரி, பிறகு ஃபிரான்ஸ் ஹால்ஸ். மதியத்துக்கு மேல் தூணின் நிழல் விழும் இடத்தில் இரண்டு வரிசைக்கும் நடுவே பார்டன் மீ. கார் நிறுத்தும் பக்க மூலையில் ஒரே ஒரு ஆட்டம் மினரெட். இப்படி வைத்தால் ஜூன் தொடக்கத்தில் பூக்க ஆரம்பித்து ஆகஸ்ட் கடைசி வரை ஏதாவது ஒன்று விரிந்துகொண்டே இருக்கும். பட்டியலில் வட்டமிட்ட ஊதாவில் ஒன்றே ஒன்று, உறங்கும் வகையாகப் பார்த்து, நான்தான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஆசைப்பட்டதை முழுக்க மறுப்பது சரியில்லை.

பாட்டியின் ஆரஞ்சும் வந்தது. பின்பக்கச் சரிவில், சுற்றிலும் புல்தரை உள்ள இடத்தில், பாட்டியும் அவளும் சேர்ந்தே நட்டார்கள். அக்டோபரில் டேலில்லித் தூர்களுக்கு இடையில் நாற்பது டாஃபடில் கிழங்குகளையும் புதைத்தாள். மான் அதைத் தொடாது. ஏப்ரலில் அது பூத்து, மே மாதம் அதன் இலை பழுக்கும் நேரத்தில் டேலில்லியின் புது இலை எழும்பி அதை மறைத்துவிடும்.

நவம்பரில் மறுபடி போன் செய்தாள். இலையெல்லாம் காய்ந்து படுத்துவிட்டது, செடி செத்துப்போச்சா அக்கா என்று. காய்ந்ததை வாரி எடுத்துவிட்டு ஒரு விசிறியின் கழுத்துப் பக்கம் மண்ணை லேசாக விலக்கிப் பார்க்கச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போனவள் திரும்ப வந்து, வெள்ளையாகக் கூர்மையாக ஒரு முளை இருக்கிறது என்றாள்.